மின்களஞ்சியத்துக்கு எந்தப் பொருட்சொற்பட்டியல்? – நூலகவியல் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பல்கலைக்கழக மின்களஞ்சியங்களில் சேரும் ஆய்வேடுகளுக்கும் கட்டுரைகளுக்கும் பொருள் தலைப்புக் கொடுப்பதைப் பற்றியே கேட்டிருந்தன. ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகள் என்பதால் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தை டிஸ்பேஸ் மென்பொருளில் நடத்துகிறோம். கலை, அறிவியல், வேளாண்மை ஆகிய புலங்களின் ஆய்வேடுகள் அதில் உள்ளன. ஆய்வாளர்கள் எழுதிக் கொடுக்கும் திறவுச்சொற்களையே இதுவரை பதிந்து வந்தோம். இப்போது முறையான பொருட்சொற்பட்டியல் (ஒரு பொருளை எல்லாரும் ஒரே சொல்லால் குறிப்பதற்கான பட்டியல்) ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் குழு அமைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலா, யுனெஸ்கோ தெசாரஸ் என்ற சொற்பட்டியலா, நாமே ஒன்றை உருவாக்குவதா என்று குழுவில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– நூலகர், மதுரை

பதில்: பட்டியல்களை ஒப்பிடத் தொடங்கும் முன், உங்கள் களஞ்சியத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைக் குழுவினர் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது. பொருள்வாரியாகத் தேடும் பக்கத்தைத் திறந்து, ஏதேனும் ஒரு துறையின் சொற்களை மேலிருந்து கீழாகப் படியுங்கள். நிலத்தடி நீரையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 'நிலத்தடி நீர்' என்று பிரித்தும், இன்னொருவர் 'நிலத்தடிநீர்' என்று சேர்த்தும் எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் எழுதியவர்களில் சிலர் அதை ஒரே சொல்லாகவும் சிலர் இரண்டு சொற்களாகவும் தட்டச்சு செய்திருப்பார்கள். வேறொருவர் தம்முடைய ஐந்து திறவுச்சொற்களையும் காற்புள்ளியிட்டு ஒரே பெட்டியில் நிரப்பியிருப்பார், அந்த வரி முழுவதும் ஒரே பொருளாகப் பட்டியலில் நிற்கும். சொல்லுக்குப் பின்னால் தவறுதலாக விழுந்த ஒரு முற்றுப்புள்ளிகூடத் தனி வரியை உண்டாக்கிவிடும். இப்படி, ஒரே மாவட்டத்தின் ஒரே சிக்கலை ஆராய்ந்த இரண்டு ஆய்வேடுகள் ஒரே களஞ்சியத்தில் இருந்தும், ஒன்றைத் தேடிக் கண்டவருக்கு மற்றொன்று தட்டுப்படாமலே போகிறது. எந்தப் பட்டியலைத் தேர்ந்தாலும் அது தீர்க்க வேண்டிய சிக்கல் இதுதான்.

இனி உங்கள் குழுவின் மூன்று கருத்துகளுக்கு வருவோம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பொருள் தலைப்புகள் 1898இல் தொடங்கி இன்றுவரை இடையறாமல் வளர்ந்து வருபவை. பொதுவான பட்டியல்களில் அதைவிட விரிவானது இல்லை என்றே சொல்லலாம். 2009 முதல் அது இணையத்தில் இணைத்தரவாகவும் (பிற தரவுகளோடு கணினி இணைத்துப் பயன்படுத்தக்கூடிய வடிவில்) கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால் அதன் தலைப்புகள் கோவையாக அமைக்கப்படுபவை: 'நிலத்தடி நீர் – மாசு – இந்தியா – தமிழ்நாடு' என்று முதன்மைத் தலைப்பையும் உட்பிரிவுகளையும் குறிப்பிட்ட வரிசையில் கோத்து எழுத வேண்டும், எந்தத் தலைப்பின் கீழ் எந்த உட்பிரிவு வரலாம், இடப்பெயர் எங்கே வரவேண்டும் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. பட்டியலாக்கத்தில் நீண்ட பயிற்சி உடையவர்கள் இருக்கும் நூலகத்துக்கு அது பொருந்தும். ஆய்வாளரோ துறை அலுவலரோ பதிவேற்றும் களஞ்சியத்தில் அந்த விதிகள் ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை.

அதனால்தான் அதே தலைப்புகளிலிருந்து ஃபாஸ்ட் என்ற பட்டியலை ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு நிறுவனமும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் 1998 முதல் உருவாக்கின. அதில் நீண்ட கோவைகள் பிரிக்கப்பட்டு, பொருள், இடம், காலம், நிகழ்வு, ஆட்பெயர், அமைப்பின் பெயர், படைப்பின் தலைப்பு, வடிவம் என்று தனித்தனியாக நிற்கின்றன. 'நிலத்தடி நீர் – மாசு' ஒரு பெட்டியிலும், 'இந்தியா – தமிழ்நாடு' வேறொரு பெட்டியிலும் பதியப்படும். பதிபவர் விதி படிக்க வேண்டியதில்லை. தேடுபவரும் இடத்தையோ காலத்தையோ தனியாக வடிகட்டிக் கொள்ளலாம். உங்களைப் போன்ற பல புலங்கள் கொண்ட பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமாக இதையே நான் பரிந்துரைப்பேன்.

வேளாண் புலத்துக்கு மட்டும் இது போதாது. ஒரு பயிர் நோயையோ மண் வகையையோ பொதுப் பட்டியலில் தேடினால் பெரும்பாலும் அதற்கு ஒருபடி மேலான பரந்த தலைப்பே கிடைக்கும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் அக்ரோவோக் பட்டியல் இத்துறைக்கென்றே உருவானது. இன்று 40க்கும் மேற்பட்ட மொழிகளில் அதன் சொற்கள் உள்ளன. எனவே வேளாண் ஆய்வேடுகளுக்கு ஃபாஸ்டுடன் அக்ரோவோக்கும் சேரட்டும். மருத்துவக் கல்லூரி உள்ள பல்கலைக்கழகமாக இருந்தால், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் வெளியிட்டு வரும் மெஷ் என்ற மருத்துவப் பொருட்சொற்பட்டியலை இதே இடத்தில் வைத்துப் பார்க்கலாம். கணிதத்துக்கும் பொருளியலுக்கும் அந்தந்தத் துறையினரே பயன்படுத்தும் பகுப்பு எண்கள் உள்ளன. ஆசிரியர்கள் ஏற்கெனவே கட்டுரைகளில் எழுதும் எண்கள் என்பதால் அவற்றைப் பெறுவதற்குத் தனி உழைப்பு தேவையில்லை.

யுனெஸ்கோ தெசாரஸ் 1977இல் முதலில் வெளிவந்தது. கல்வி, பண்பாடு, சமூக அறிவியல், தகவல் ஆகிய துறைகளில் நேர்த்தியாக அமைக்கப்பட்டது. ஆனால் சில ஆயிரம் கருத்துருக்களே கொண்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் நுட்பமான பொருளைச் சொல்ல அது உதவாது. ஒரு கல்லூரியின் சிறிய தொகுப்புக்கு அது போதுமானது.

நாமே உருவாக்குவது என்ற மூன்றாவது கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன், ஒரு விலக்குடன்: அந்த விலக்கைக் கீழே யாழ்ப்பாண வாசகருக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன். முழுப் பட்டியலையும் தொடக்கத்திலிருந்து உருவாக்கிய நிறுவனங்களில், அதை முன்னின்று செய்தவர் ஓய்வு பெற்றதும் பட்டியலும் அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு வருபவருக்குப் புதிய சொல் சேர்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே தெரிவதில்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வெவ்வேறு துறைகளிலிருந்து முப்பது ஆய்வேடுகளை எடுத்து, இரண்டு ஊழியர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் தலைப்புக் கொடுக்கட்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள், எத்தனை ஆய்வேடுகளுக்குப் பொருத்தமான தலைப்பே கிடைக்கவில்லை, ஒன்றுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்ற மூன்றையும் எழுதி வைத்தால், குழுவின் விவாதம் கருத்திலிருந்து சான்றுக்கு நகரும்.

கேள்வி: முழு உரையையும் தேடும் வசதி இன்று எல்லாக் களஞ்சியங்களிலும் உள்ளது. கூகுள் ஸ்காலரும் இருக்கிறது. பிறகு ஏன் மனித உழைப்பைச் செலவிட்டுப் பொருள் தலைப்புக் கொடுக்க வேண்டும்?
– கணினி அறிவியல் பேராசிரியர், கோயம்புத்தூர்

பதில்: ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, எழுத்துகளைத் தேடக்கூடிய பிடிஎஃப் கோப்பாகச் சேர்க்கப்பட்ட ஆய்வேட்டைப் பொறுத்தவரை உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. தமிழ் ஆய்வேடுகளின் நிலை வேறு. 2010இல் தமிழக அரசு யூனிகோடை (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியாக்கத்தை) ஏற்று ஆணையிடும் வரையிலும், அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், நம் ஆய்வேடுகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்யப்பட்டன. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல் திரையில் தமிழாகத் தெரியும். கோப்புக்குள்ளே அது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. தேடுபொறிக்குத் தெரிவது அந்த எழுத்துகள்தான். எனவே நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஓர் ஆய்வேட்டின் ஒரு சொல்கூடத் தமிழ்த் தேடலில் அகப்படாது. அதற்கும் முந்தைய, வெறும் படமாக வருடப்பட்ட ஆய்வேடுகளின் நிலையும் அதுவே. இவற்றுக்கெல்லாம் நூலகர் யூனிகோடில் பதியும் தலைப்பும் பொருட்சொற்களும் மட்டுமே வாசல். அந்த வாசலை மூடிவிட்டால், ஓர் ஆய்வாளர் தம் இளமையைச் செலவிட்டு எழுதியது சேமிப்பகத்தில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

ஆய்வாளரின் திறவுச்சொற்களைக் கைவிடச் சொல்லவில்லை. பட்டியலில் இன்னும் ஏறாத புதுச்சொற்கள் முதலில் அங்கேதான் தோன்றும். அவற்றைப் பதிவின் தனிப் புலத்தில் (தனிப் பெட்டியில்) அப்படியே வைத்திருங்கள்; பட்டியல் சொற்களோடு ஒரே புலத்தில் கலக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தொகுப்பில் பெரும்பகுதி ஈழத்துத் தமிழ் இலக்கியம், கூத்து, கோயில் வழக்காறுகள், உள்ளூர் வரலாறு சார்ந்தது. சர்வதேசப் பட்டியல்களில் இவற்றுக்குரிய தலைப்புகள் மிகக் குறைவு. இருப்பவையும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் தேடும் மாணவருக்கு என்ன வழி?
– பல்கலைக்கழக நூலக உத்தியோகத்தர், யாழ்ப்பாணம்

பதில்: மேலே சொன்ன விலக்கு உங்களுக்கானது. அடித்தளமாக உலகப் பட்டியல் ஒன்று இருக்கட்டும். அது எட்டாத இடத்துக்கு மட்டும் சிறிய தமிழ்ப் பட்டியல் ஒன்றை நீங்கள் அமைத்து, அதன் ஒவ்வொரு சொல்லையும் அடித்தளப் பட்டியலின் ஏதேனும் ஒரு தலைப்போடு இணைத்துவிடுங்கள். இப்படி இணைப்பதற்கான பொது வடிவம் ஸ்காஸ் என்ற பெயரில் 2009இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பால் பரிந்துரைக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு கருத்துருவுக்கும் யூஆர்ஐ எனப்படும் நிலையான அடையாள முகவரி ஒன்று இருக்கும். அந்த முகவரியோடு தமிழ், சிங்களம், ஆங்கிலம் என எத்தனை மொழிப் பெயர்களையும் இணைக்கலாம். களஞ்சியத்தின் பதிவில் சேமிக்கப்பட வேண்டியது அந்த முகவரி. திரையில் எந்த மொழிப் பெயர் தெரிகிறது என்பது பார்ப்பவரின் தெரிவைப் பொறுத்தது.

கூத்தை எடுத்து ஒரு பதிவு அமைத்துப் பார்ப்போம். 'கூத்து' என்பது மேல்நிலைக் கருத்துரு. அதன் கீழே வடமோடிக் கூத்து, தென்மோடிக் கூத்து, காத்தவராயன் கூத்து போன்றவை வரும். காத்தவராயன் கூத்துக்குச் சிந்துநடைக் கூத்தோடு உள்ள உறவையும் குறிக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தெருக்கூத்து இவற்றுக்கு இணையான இன்னொரு கிளை. இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். வட தமிழ்நாட்டில் கலைஞர்களில் ஒரு சாரார் தங்கள் கலையைக் கட்டைக்கூத்து என்றே அழைக்கிறார்கள், 'தெருக்கூத்து' என்ற பெயரை ஏற்பதில்லை; வேறு சிலர் தெருக்கூத்து என்றே சொல்கிறார்கள். இரண்டையும் ஒன்றின் மாற்றுப்பெயராகப் போட்டுவிட்டால் ஒரு தரப்பின் நிலைப்பாட்டை நாம் பட்டியலில் தீர்ப்பாக எழுதிவிடுகிறோம். இரண்டையும் தனிக் கருத்துருக்களாக வைத்து, 'தொடர்புடையது' என்று இணைத்து, வழக்கு எங்கே எப்படி என்பதை விளக்கக் குறிப்பில் எழுதுவது நேர்மையான வழி. 'நாட்டுக்கூத்து' என்ற சொல்லை ஆய்வேடுகளில் எவர் எந்தப் பொருளில் கையாள்கிறார் என்பதையும் அதே குறிப்பில் சேர்க்கலாம். கூத்து, கூத்துக்கலை, ஒற்று மிகுந்தும் மிகாமலும் எழுதப்படும் வடிவங்கள் ஆகியவற்றை மாற்றுப்பெயர்களாகவும், தட்டச்சுப் பிழை வடிவங்களை மறைபெயர்களாகவும் (தேடலுக்கு உதவும், திரையில் தெரியாத பெயர்களாக) பதிந்தால், மாணவர் எதைத் தட்டினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்.

இந்தக் கருத்துருக்கள் எவற்றுக்கும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் நேர்த் தலைப்பு இல்லாவிட்டாலும், இலங்கைத் தமிழர் நாட்டார் அரங்கு என்ற பரப்பைக் குறிக்கும் தலைப்புகளோடு 'பரந்த பொருத்தம்' என்று இணைத்துவிடலாம். அப்போது வேறு நாட்டு ஆய்வாளர் பரந்த தலைப்பில் தேடினாலும் உங்கள் தொகுப்பை அடைவார். விக்கிப்பீடியாவோடு இணைந்த பொதுத் தரவுத்தளமான விக்கித்தரவிலும் பல கருத்துருக்களுக்குத் தமிழ்ப் பெயர்கள் உள்ளன. அங்குள்ள அடையாள எண்ணையும் சேர்த்துப் பதிவது பிற்காலத்தில் மிகவும் உதவும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: உலகப் பட்டியல் முழுவதையும் தமிழாக்க முயல வேண்டாம். பல இலட்சம் தலைப்புகளில் உங்கள் தொகுப்புக்குத் தேவைப்படுபவை மிகச் சிலவே. பதிவில் உண்மையாகவே பயன்பட்ட தலைப்புகளுக்கு மட்டும், பயன்படும்போதே, தமிழ்ப் பெயர் சேர்த்து வாருங்கள். அந்தச் சிறு பட்டியலை நூலகம் நிறுவனத்தைப் போல 2005 முதல் ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் அமைப்புகளோடும், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடும் திறந்த உரிமத்தில் பகிர்ந்துகொண்டால், ஒரே சொல்லுக்காகப் பலர் தனித்தனியே உழைப்பது நிற்கும். தமிழுக்கு இன்று இல்லாததும் உடனே வேண்டியதும் இப்படியொரு பொதுப் பட்டியல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: பழைய பட்டியல்களில் சில சமூகங்களைக் குறிக்கும் சொற்கள் இழிவாக உள்ளன. அவற்றை அப்படியே பயன்படுத்த மனம் ஒப்பவில்லை. மாற்றினால் பட்டியலின் ஒழுங்கு கெடும் என்கிறார் எங்கள் மேலாளர்.
– உதவி நூலகர், விழுப்புரம்

பதில்: உங்கள் மனம் ஒப்பாதது சரியே. பட்டியல்களின் ஒழுங்கும் காலத்தோடு மாறித்தான் வந்திருக்கிறது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பட்டியலில் ஒரு காலத்தில் 'தீண்டத்தகாதோர்' என்று இருந்த தலைப்பு இன்று 'தலித்துகள்' என்று இருக்கிறது. அமெரிக்காவில், ஆவணமின்றிக் குடியேறியவர்களை 'சட்டவிரோத அந்நியர்' என்று குறித்த தலைப்பை மாற்ற வேண்டும் என்று டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 2014இல் குரல் எழுப்பினார்கள்; 2016இல் மாற்றுவதாக நூலகம் அறிவித்தது; நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரின் எதிர்ப்பால் அது தடைபட்டு, 2021இல்தான் தலைப்பு மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல நூலகங்கள் காத்திருக்கவில்லை. தங்கள் திரையில் மட்டும் மாற்றுச் சொல்லைக் காட்டின. அடையாள முகவரியைச் சேமித்திருந்தால் இப்படிச் செய்வதற்குத் தடையே இல்லை: முகவரி மாறாது, காட்டும் பெயரை மட்டும் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

வரலாற்று ஆவணங்களில் கவனம் தேவை. 1871இல் பிறப்பிக்கப்பட்டு 1952இல் நாடு முழுவதும் நீக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பற்றிய ஆய்வேட்டில், சட்டத்தின் பெயரை அப்படியே பதிவது தவிர்க்க முடியாதது. அது வரலாற்றின் பெயர். அந்தச் சட்டம் ஒடுக்கிய மக்களைக் குறிக்கும் தலைப்பாக அதே சொல்லை வைப்பதுதான் தவறு. அங்கே 'சீர்மரபினர்' என்றோ, அந்தச் சமூகத்தார் தங்களைக் குறிக்கும் பெயரிலோ தலைப்பு அமைய வேண்டும். பழைய சொல்லை மறைபெயராகப் பதிந்துவிட்டால், அதைத் தட்டித் தேடும் ஆய்வாளரும் வழி தவற மாட்டார், திரையில் அது யாரையும் புண்படுத்தவும் செய்யாது.

கேள்வி: டிஸ்பேஸில் இதை நடைமுறையில் எப்படி அமைப்பது? தெரிவுப் பட்டியல் வைத்தாலே போதாதா?
– நூலகத் தொழில்நுட்ப உதவியாளர், திருச்சி

பதில்: டிஸ்பேஸை நிறுவியதும் எடுத்துக்காட்டாக அதனுடன் வருவது ஸ்வீடன் நாட்டு ஆய்வுத்துறைப் பகுப்பு. அதை மாற்றாமலே விட்டுவிட்ட களஞ்சியங்களில், தமிழ்நாட்டு ஆய்வாளர் தம் துறையை ஸ்வீடன் பகுப்பில் தேடிக்கொண்டிருப்பார். முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள். சில நூறு சொற்களுக்குள் அடங்கும் பட்டியலானால், அதே எக்ஸ்எம்எல் கோப்பு வடிவில் உங்கள் சொற்களைக் கிளைகளாக அடுக்கிய மரத்தை எழுதி, கட்டுப்பாட்டுச் சொற்பட்டியலுக்குரிய கோப்புறையில் வைத்தால் போதும். பதிவேற்றும் படிவத்தில் அது கிளைவிரிந்து காட்டப்படும்.

ஃபாஸ்ட் போன்ற பெரிய பட்டியலுக்கு இது சரிவராது. அதற்கு மென்பொருளின் அதிகாரக் கட்டுப்பாட்டு வசதியைப் பயன்படுத்த வேண்டும்: பதிபவர் சில எழுத்துகளைத் தட்டியதும் பொருந்தும் தலைப்புகள் கீழே வரும், தேர்ந்தெடுத்ததும் சொல்லோடு அதன் அடையாளமும், அந்தப் பொருத்தம் எந்த அளவுக்கு உறுதியானது என்ற குறிப்பும் சேர்ந்து பதிவாகும். சொல்லை மட்டும் சேமிக்கும் தெரிவுப் பட்டியல் ஏன் போதாது என்பதற்கு விடை இதுவே. நாளைக்குத் தலைப்பு மாறினால் சொல்லை வைத்து எதையும் திருத்த முடியாது.

புலங்களைப் பிரிப்பதிலும் கவனம் வையுங்கள். டிஸ்பேஸின் இயல்பான அமைப்பிலேயே லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தலைப்பு, மெஷ், டூயி எண் (நூல்களைத் துறைவாரியாகப் பகுக்கும் எண்), பிற என்று பொருளுக்குத் தனித்தனிப் புலங்கள் உள்ளன. ஆனால் வெளியிலிருந்து ஓஏஐ நெறிமுறை வழியே உங்கள் பதிவுகளைத் திரட்டுபவர்கள் எளிய டப்ளின் கோர் என்ற பொதுப் பதிவு வடிவத்தில் எடுத்தால், இந்தப் பிரிவுகள் அனைத்தும் 'பொருள்' என்ற ஒரே புலமாகக் கலந்துவிடும். எது எந்தப் பட்டியலின் சொல் என்பது மறைந்துவிடும். ஐஐடி கரக்பூர் நடத்தும் இந்தியத் தேசிய மின்னூலகம் போன்ற திரட்டிகளுக்குத் தரவு கொடுக்கும்போது, விரிவான வடிவத்தையும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள்.

கேள்வி: இரங்கநாதன் தமிழர்; அவர் உருவாக்கிய கோலன் பகுப்பையே நம் களஞ்சியங்களுக்குப் பயன்படுத்தலாமே?
– நூலக அறிவியல் மாணவி, சிதம்பரம்

பதில்: சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பை வெளியிட்டார். அது அலமாரியில் நூலை வைப்பதற்கான எண் அமைக்கும் முறை. இணையத்தில் அடையாள முகவரிகளுடன் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் சொற்பட்டியலாக அது இன்று கிடைப்பதில்லை. எனவே நேரடியாகப் பயன்படுத்துவது கடினம்.

அவருடைய சிந்தனையை விட்டுவிட வேண்டியதில்லை. எந்தப் பொருளையும் ஆள்தன்மை, பொருண்மை, ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களாகப் பகுத்துப் பார்க்கலாம் என்றார் அவர். முகங்களாகப் பகுக்கும் அந்த வழியில்தான் கெட்டி நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைத் தெசாரஸும், மேலே சொன்ன ஃபாஸ்டும் நடக்கின்றன. தஞ்சை மாவட்டத்தில் நெற்பயிரின் பூச்சிக் கட்டுப்பாட்டைப் பற்றிய ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கொடுக்கும்போது, பயிர் எது, அதற்கு வந்த கேடு எது, செய்யப்பட்ட செயல் எது, எங்கே, எப்போது என்று ஐந்து கேள்வி கேட்டுக்கொண்டால் விடுபடல் நேராது. புதிதாகச் சேரும் ஊழியருக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பதும் இந்த ஐந்து கேள்விகளைத்தான்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே தலைப்புக் கொடுத்துவிடாதா?
– வாசகர், சேலம்

பதில்: பரிந்துரைக்கும். ஃபின்லாந்துத் தேசிய நூலகம் ஆனிஃப் என்ற திறமூல மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. ஏற்கெனவே தலைப்பிடப்பட்ட ஆவணங்களிலிருந்து கற்றுக்கொண்டு, புதிய ஆவணத்துக்குப் பட்டியலில் உள்ள சொற்களையே அது பரிந்துரைக்கிறது. அந்நாட்டின் யுவாஸ்குலா பல்கலைக்கழகக் களஞ்சியத்தில், ஆய்வேட்டைப் பதிவேற்றும் மாணவருக்கே இந்தப் பரிந்துரைகள் காட்டப்பட்டு, பின்னர் நூலகர் சரிபார்க்கிறார். இந்த ஒழுங்கு நமக்கும் உகந்தது. பொதுவான உரையாடல் செயலிகளிடம் நேரடியாகக் கேட்டால், பட்டியலில் இல்லவே இல்லாத தலைப்பைப் பட்டியலில் இருப்பது போன்ற தோற்றத்துடன் எழுதித் தந்துவிடும். அதைப் பட்டியலோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது. தமிழ் ஆய்வேடுகளுக்கு இத்தகைய கருவி பயிற்சி பெற வேண்டுமானால், சரியாகத் தலைப்பிடப்பட்ட தமிழ் ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். அவற்றை உருவாக்கும் வேலை இன்னும் நம் கைகளில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் நூலகத்தில் இந்த வேலைக்கு இருவரே இருக்கிறோம். ஒருமுறை பட்டியலைத் தேர்ந்து அமைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா? கட்டணம் ஏதும் உண்டா?
– மருத்துவக் கல்லூரி நூலகர், திருநெல்வேலி

பதில்: கட்டணத்தைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். மெஷ், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தலைப்புகள், ஃபாஸ்ட், அக்ரோவோக் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிலவற்றுக்கு மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. டூயி பகுப்பின் முழு இணையப் பதிப்புக்குத்தான் சந்தா தேவை.

வேலை முடியாது. பட்டியலைப் பராமரிப்பவர் உயிர்ப்போடு இருக்கிறாரா என்பதை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்: இயற்பியலாளர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்த பேக்ஸ் பகுப்பு 2010உடன் நின்றுபோனது, அதன் இடத்தில் 2016இல் ஃபிஷ் என்ற புதிய பட்டியல் வந்தது. உங்கள் மெஷ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. புதிய பதிப்பு வந்ததும், மாறிய, நீங்கிய, இரண்டாகப் பிரிந்த தலைப்புகளின் பட்டியலையும் அவர்களே வெளியிடுவார்கள். அதை உங்கள் களஞ்சியத்தில் பயன்பட்ட தலைப்புகளோடு ஒப்பிட்டால், இருவர் சில நாள்களில் முடித்துவிடக்கூடிய வேலையாகவே இருக்கும். அந்த நாள்களைப் பணிப் பட்டியலில் முன்கூட்டியே எழுதி, துறைத் தலைவரின் ஒப்புதலும் பெற்றுவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு அவசரங்கள் அதைத் தின்றுவிடும்.

இதோ உடனே செய்யக்கூடிய ஒன்று. 'கோவிட்-19' என்பது மெஷ்ஷில் 2020இல் துணைக் கருத்துருவாக மட்டுமே இருந்தது. முழுத் தலைப்பாக வந்தது 2021 பதிப்பில். அதனால் 2020இல் உங்கள் கல்லூரியில் பதிவான கட்டுரைகளும் அறிக்கைகளும் 'கொரோனா வைரஸ் தொற்றுகள்' என்ற பொதுத் தலைப்பின் கீழேதான் இருக்கும். அந்த ஓர் ஆண்டின் பதிவுகளை மட்டும் வடிகட்டி எடுத்து, உள்ளடக்கத்தைப் பார்த்து, புதிய தலைப்பையும் அதன் அடையாளத்தையும் சேருங்கள். மாற்றிய நாளையும், எந்தப் பதிப்பின்படி மாற்றினீர்கள் என்பதையும் பதிவின் குறிப்பில் எழுதிவிடுங்கள்.